ஸ்கேட்டிங் சக்கரமும் பிவிசி பைப்பும்: வீட்டிலேயே ட்ராலி செய்து ஷாட் எடுக்கும் முறை

ஒருவர் நடக்கிறார், அவரோடு சேர்ந்து கேமராவும் நடக்கிறது. திரையில் பார்க்கும்போது இதில் பெரிய வேலை இருப்பதாகவே தோன்றாது. நாம் எடுக்கப் போகும்போதுதான் கஷ்டம் தெரியும். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு காலடியும் படத்தில் விழும். கிம்பல் (மோட்டாரால் கேமராவைச் சாயாமல் பிடிக்கும் கைப்பிடி) வைத்துக்கொண்டால் கேமரா சாய்வதும் திரும்புவதும் நிற்கும். ஆனால் நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்குகிறதே, அதை மூன்று அச்சு கிம்பலால் முழுதாக விழுங்க முடியாது. நேர்கோட்டில், ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் கேமரா போக வேண்டுமென்றால் அதற்குத் தண்டவாளம் மாதிரியான டிராக்கும், அதன் மேல் கேமராவோடு ஓடும் சக்கரப் பலகையான ட்ராலியும்தான் வழி.

வாடகைக்கு எடுக்கும் ட்ராலி கனமானது. ஏற்றி இறக்க வண்டி வேண்டும், ஆள் வேண்டும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து எடுக்கும் குறும்படத்துக்கு அது கட்டுப்படியாகாது. நான் பயன்படுத்துவது ஹார்டுவேர் கடைப் பொருட்களை வைத்து நானே செய்தது. 20 அடி டிராக்கில் ஓடும், கேமராவோடு ஒரு ஆளும் உட்காரலாம். இதைச் செய்து ஓட்டிக் கற்றுக்கொண்டதில் முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாட் வழுக்கிக்கொண்டு போவதும் குலுங்குவதும் பெரும்பாலும் டிராக்கைத் தரையில் போட்ட விதத்தையும் தள்ளுகிற கையையும் பொறுத்தது. ட்ராலி செய்வது ஒரு நாள் வேலை. மற்ற இரண்டும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதிதாகச் செய்ய வேண்டியவை. அதனால் அந்தப் பகுதிகளைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

என்னென்ன வேண்டும்

சக்கரத்திலிருந்து ஆரம்பிப்போம். ஒரே வரிசையில் நாலு சக்கரம் உள்ள ஸ்கேட்டிங் ஷூ இருக்கிறதல்லவா, அதன் சக்கரம்தான் இதற்குச் சரி. ஒரு ஷூவில் 4, ஒரு ஜோடியில் 8. நமக்கு 16 சக்கரம் வேண்டும், அதாவது பழைய ஷூ இரண்டு ஜோடி. பிள்ளைகள் வளர்ந்து பரணில் கிடக்கும் ஷூ தெரிந்தவர் வீட்டில் கிடைக்கலாம். சக்கரத்தின் பக்கவாட்டில் விட்டம் அச்சிட்டிருக்கும். 72 அல்லது 76 மி.மீ. பார்த்து எடுங்கள், பதினாறும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் மாதிரி கொஞ்சம் இடம் கொடுக்கும் பாலியூரித்தேன் சக்கரம் நல்லது. கல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும், வசனத்தோடு எடுக்கும் ஷாட்டைக் கெடுத்துவிடும்.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங், நடுவில் ஒரு சின்னக் குழல் இருக்கும். பேரிங்கின் நம்பர் 608: உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. துருப்பிடித்துச் சுற்றாமல் இருந்தால் பேரிங் கடையில் 608 என்று சொன்னாலே தருவார்கள். நடுக்குழலைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் இரண்டு பேரிங்கும் நசுங்கிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

மற்றவை: 50 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் உள்ள இரும்பு எல் ஆங்கிள் 4 அடி. 8 மி.மீ. போல்ட், 50 மி.மீ. நீளத்தில் 16. அவற்றுக்கு நைலாக் நட், வாஷர் தாராளமாக. 10 மி.மீ. போல்ட் 4. ப்ளைவுட் 18 மி.மீ. கனத்தில் 3 அடிக்கு இரண்டரை அடி. 2 அங்குல ரீப்பர் கட்டை, 1 அங்குலப் பலகை கொஞ்சம். டிராக்குக்கு 1 அங்குல பிவிசி பைப், கனமான ரகம், 40 அடி. பைப் வாங்கும்போது கடைக்காரரிடம் சொல்லித் தரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த பைப் தடதடவென்று உருளும், நேரான பைப் சத்தமில்லாமல் போகும். கேமராவோடு ஆளும் உட்காரப்போவது உறுதியென்றால் பிவிசிக்குப் பதில் 1 அங்குல ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்குவது மேல். இரண்டுக்கும் வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், 33 மி.மீ. பக்கம். அதனால் ஒரே ட்ராலி இரண்டிலும் ஓடும்.

சக்கரக் கட்டு

ட்ராலியின் உயிர் இதில் இருக்கிறது. பைப்பின் மேல் சக்கரத்தை நேராக வைத்தால் வழுக்கி விழுந்துவிடும். பைப்பின் தலைக்கு இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்று இரண்டு சக்கரம் 45 பாகை சாய்ந்து பைப்பைக் கவ்விக்கொள்ள வேண்டும். எல் ஆங்கிளின் இரண்டு முகத்துக்கும் நடுவே 90 பாகை இருப்பதால் இந்தச் சாய்வு நமக்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஆங்கிளை ஒவ்வொரு அடியாக நாலு துண்டு வெட்டுங்கள். துண்டின் இரண்டு முனையிலிருந்தும் 5 செ.மீ. உள்ளே, வெளிமூலையிலிருந்து 35 மி.மீ. தள்ளி, இரண்டு முகத்திலும் குறி போடுங்கள். ஒரு துண்டுக்கு நாலு ஓட்டை. முதலில் 4 மி.மீ. பிட், அப்புறம் 8 மி.மீ. ஓட்டை முகத்துக்குச் செங்குத்தாக விழ வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சக்கரம் கோணிக்கொண்டு ஓடும். கையில் பிடிக்கும் ட்ரில்லிங் மெஷினில் பழக்கம் இல்லையென்றால் ஆங்கிளைக் குறி போட்டு லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அங்கே நிலையாக நிற்கும் மெஷினில் பத்து நிமிட வேலை.

இப்போது ஆங்கிளை ஆங்கில வி எழுத்து மாதிரி, மூலை கீழே பார்க்கும்படி பிடியுங்கள். போல்ட்டின் தலை வி-யின் உள்ளே, சக்கரம் வெளியே. ஆங்கிளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 4 வாஷர் போடுங்கள். அவற்றைக் குறைத்தால் ஆங்கிளின் மூலை பைப்பின் முதுகில் உரசும். சக்கரத்தைத் தாண்டி ஒரு வாஷர், அதன் மேல் நைலாக் நட். 13ஆம் நம்பர் ஸ்பேனரால் இறுக்கியபின் சக்கரத்தைச் சுண்டிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும், அதே சமயம் பக்கவாட்டில் ஆடக் கூடாது. நைலாக் நட்டுக்குள் நைலான் வளையம் இருப்பதால் ஓட்டத்தில் தானாகக் கழலாது.

ஒரு கட்டு முடிந்ததும் இரண்டடி பைப்பின் மேல் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் செய்யுங்கள். நாலு சக்கரமும் பைப்பைத் தொடுகிறதா? மூலைக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு விரல் நுனி போகும் அளவு சந்து இருக்கிறதா? இல்லையென்றால் வாஷரைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம்.

பலகையோடு இணைப்பது

வி வடிவத்தைத் தட்டையான பலகையில் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நான் செய்தது இது. 2 அங்குல ரீப்பரை மூலைவிட்டமாக அறுத்துத் தரும்படி தச்சரிடம் கேளுங்கள். முக்கோணக் கட்டை கிடைக்கும். அதன் 90 பாகை மூலை ஆங்கிளுக்குள் அப்படியே உட்காரும், அகலமான முகம் மேலே தட்டையாக நிற்கும். இந்தக் கட்டை 4 அங்குல நீளம் போதும். ஆங்கிளின் நடுவில், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே வைத்து, ஆங்கிளின் இரண்டு முகத்திலிருந்தும் ஸ்குரூ போட்டுப் பிணையுங்கள்.

அதன் மேல் நேராக ப்ளைவுட்டை வைத்தால் சக்கரங்களின் தலை பலகையில் இடிக்கும், ஏனென்றால் அவை ஆங்கிளின் விளிம்பைவிட உயரமாக நிற்கின்றன. அதனால் நடுவே 4 அங்குல நீளத்தில் 1 அங்குலப் பலகைத் துண்டு ஒன்று வர வேண்டும். அந்தத் துண்டில் முதலில் 10 மி.மீ. போல்ட்டைத் தலை கீழ்ப்பக்கம் புதையும்படி செருகிவிட்டு, அப்புறம் முக்கோணக் கட்டையோடு சேர்த்து ஸ்குரூ போடுங்கள். போல்ட்டின் மரை மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது ப்ளைவுட்டில் போட்ட ஓட்டை வழியாக வந்து, மேலே நட் ஏறும்.

ஒரு கட்டுக்கு ஒரே போல்ட் என்பதற்குக் காரணம் உண்டு. நான் முதலில் செய்த ட்ராலியில் நாலு சக்கரக் கட்டுகளையும் ஆடாமல் அசையாமல் ஸ்குரூ போட்டு முறுக்கிவிட்டேன். பார்க்க உறுதியாக இருந்தது, ஆனால் டிராக்கின் அகலம் ஏதோ ஓரிடத்தில் கொஞ்சம் மாறினாலும் சிக்கிக்கொண்டு நின்றது. ஒரே போல்ட்டில் தொங்கும் கட்டு, பைப் போகும் திசைக்குத் தன்னைத் திருப்பிக்கொள்ளும். நட்டை இறுக்கியபின் கால் சுற்று தளர்த்தி விடுங்கள்.

அகலவாக்கில் கட்டுகளின் மையத்துக்கு மையம் சரியாக 2 அடி. நீளவாக்கிலும் 2 அடி. பலகையின் மேல், ட்ரைபாடின் மூன்று கால்களும் வரும் இடத்தில் ஓரங்குல விளிம்புள்ள சின்னக் கட்டைகளை அடித்துக் குழி மாதிரி செய்து, உள்ளே சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிவிடுங்கள். கால் நழுவாது. ட்ரைபாடின் நடுத்தண்டைப் பலகையோடு கயிற்றால் கட்டுவதையும் மறக்காதீர்கள். ஆள் உட்காராமல் கேமரா மட்டும் போகிறதென்றால் பலகையில் மணல் மூட்டை ஒன்று, 10 கிலோவாவது இருக்கட்டும். எடை இருந்தால்தான் சின்னச் சின்னத் தடங்கலை ட்ராலி கண்டுகொள்ளாமல் போகும்.

டிராக்

40 அடி பைப்பை எடுத்துப் போக வசதியாக 10 அடித் துண்டுகளாக வெட்டுகிறோம். இதில் ஒரு நுணுக்கம். இடப்பக்க ரயிலை, அதாவது பைப் வரிசையை, 10, 10 என்று போட்டால், வலப்பக்க ரயிலை 5, 10, 5 என்று போடுங்கள். அப்போது இரண்டு பக்கத்து இணைப்பும் ஒரே இடத்தில் வராது. இணைப்பு எதிரெதிரே இருந்தால் அந்த இடத்தைத் தாண்டும்போது ட்ராலி முழுவதும் ஒரே நேரத்தில் குலுங்கும். தள்ளித் தள்ளி இருந்தால் ஒரு சமயத்தில் ஒரு கட்டுதான் அதைத் தொடும், மற்ற மூன்றும் நல்ல பைப்பில் இருக்கும்.

இணைப்புக்குள் இறுக்கமாகச் செருகும் அளவில் உருண்டைக் கட்டை, ஒரு அடி நீளம், ஒவ்வொரு பக்கமும் அரையடி. முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, விரலை ஓட்டிப் பார்த்தால் படி தெரியாத அளவுக்குக் கொண்டு வாருங்கள். விரலுக்குத் தெரிவது லென்ஸுக்கும் தெரியும்.

பைப்பைத் தாங்க 3 அடி ரீப்பர் கட்டைகள். பைப் உட்காரும் இரண்டு இடத்திலும் இருபுறமும் 12 மி.மீ. உயரச் சின்னத் துண்டுகளை ஆணி அடித்துவிட்டால் பைப் அதற்கிடையே உட்கார்ந்துகொள்ளும். கிளாம்ப் போட்டு மேலே சுற்றிக் கட்டாதீர்கள், சக்கரம் இடிக்கும். இரண்டு பைப்பின் மையத்துக்கு மையம் இங்கேயும் 2 அடி. பிவிசியாக இருந்தால் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை வேண்டும். இல்லாவிட்டால் எடையில் பைப் தொய்யும், கேமரா அலைமேல் போவது மாதிரி ஏறி இறங்கும்.

தரையில் போடுவது

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் மொட்டைமாடிகூட மழைத் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும்.

டிராக் வரப்போகும் பாதை முழுவதிலும் மிக உயரமான புள்ளி எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ரயிலை ஆப்பு வைத்து உயர்த்த முடியும், தரைக்குள் இறக்க முடியாது. அதனால் உயரமான இடத்தில் கட்டையை அப்படியே வைத்து, மற்ற எல்லா இடத்தையும் அந்த மட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இது புரியாமல் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் மேடு வந்து, போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க நேரும்.

கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டடி நீளமுள்ளது. நீளமான டிராக்குக்கு அவர்களுடைய டியூப் மட்டம் இன்னும் நம்பகமானது. தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும், 20 அடி தள்ளியிருந்தாலும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு ரயிலை முதலில் நீளவாக்கில் முழுவதும் மட்டம் செய்யுங்கள். அது முடிந்தபின் ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து இரண்டாவது ரயிலை முதல் ரயிலுக்குச் சமமாகக் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் செய்யப் போனால் முடிவே வராது. நேர்கோடு பார்க்க நூல் கட்டுவது நல்லது.

மீந்த ரீப்பரில் ஒரு அடி நீளம், ஒரு முனை 2 அங்குலம், மறுமுனை கத்தி மாதிரி மெலிந்த ஆப்புகள் முப்பதாவது செய்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இருந்தாலும் பற்றாது. ஆப்பை ஒரு பக்கம் மட்டும் செருகினால் கட்டை சாயும். எதிரெதிராக இரண்டு செருகினால் நேராக உயரும்.

எல்லாம் முடிந்தபின் டிராக்கை முனையிலிருந்து முனை வரை காலால் அழுத்திக்கொண்டே நடந்து பாருங்கள். எங்கெல்லாம் லேசாக அமுங்குகிறதோ அங்கெல்லாம் இன்னும் ஒரு ஆப்பு வேண்டும். அப்புறம் ஆளை உட்கார வைத்துத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். ஒரே மாதிரியான சத்தம் வந்தால் டிராக் சரி. ஓரிடத்தில் ‘டக்’ என்றால் அங்கே இணைப்பையோ ஆப்பையோ பாருங்கள். ‘கிரீச்’ என்றால் பைப்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் முகப் பவுடர் தடவுங்கள், போய்விடும். மணல் விழுந்த டிராக்கை ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் துடைக்க வேண்டும்.

தள்ளுவது

யார் சும்மா நிற்கிறாரோ அவரைத் தள்ளச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தள்ளுகிறவர் நடிகரோடு சேர்ந்து நடிக்கிறவர். முழுப் படத்துக்கும் ஒரே ஆள் தள்ளினால் நாலாவது நாளில் அவர் கை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கையை மடக்கி நீட்டித் தள்ளக் கூடாது. முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டு, உடம்பின் எடையைச் சாய்த்து, நடையால் தள்ள வேண்டும். பலகையின் விளிம்பில், கீழேயே பிடிக்க வேண்டும். ட்ரைபாடைத் தொடவே கூடாது. வெறுங்காலோடு நடந்தால் சத்தமும் வராது. தரையில் ஆரம்ப மார்க், வேகம் சமமாக வேண்டிய மார்க், நிற்கும் மார்க் என்று மூன்று இடத்தில் டேப் ஒட்டுங்கள். ட்ராலியின் நீளமே 3 அடி. அதோடு புறப்பாட்டிலும் நிற்பதிலும் இரண்டடி வீதம் விட்டுவிட்டால், 20 அடி டிராக்கில் உங்களுக்குக் கிடைப்பது 13 அடி. நொடிக்கு ஒரு அடி வேகத்தில் போனால் 13 நொடி ஷாட். வசனம் 25 நொடி என்றால் டிராக் போதாது, அல்லது வேகம் குறைய வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளே வீட்டில் போட்டுவிடலாம்.

நிற்கும் இடம்தான் கடினம். ட்ராலி எடையோடு வருவதால் நிறுத்த நினைக்கும் புள்ளியில் பிடித்தால் படம் துள்ளும். இரண்டடி முன்பே தள்ளுவதை விட்டு, பிடித்து மெல்ல இழுத்துக் கரைய வைக்க வேண்டும். இதற்குப் பத்து முறை ஒத்திகை பார்த்தாலும் வீணில்லை.

கேமரா பக்கம்

ட்ராலியில் வைத்த கேமராவில் ஸ்டெபிலைசேஷனை (குலுக்கலைக் குறைக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். சீரான அசைவையே குலுக்கல் என்று நினைத்து அது இழுத்துப் பிடிக்கும், கடைசியில் விடும்போது படம் ஒரு எட்டு நழுவும். மொபைலிலும் அப்படித்தான். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு வைத்தால் அசைவும் இயல்பாக இருக்கும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப்லைட்டும் மினுக்காது.

முதல் முறை எடுப்பவர்கள் 24 மி.மீ. மாதிரி அகலமான லென்ஸில் ஆரம்பிக்கலாம், சின்னக் குலுக்கலை அது மறைக்கும். 85 மி.மீ. போட்டால் டிராக்கில் உள்ள ஒவ்வொரு தவறும் பெரிதாகும். இன்னொன்று, வெறும் சுவருக்கு இணையாக ட்ராலி ஓட்டினால் நகர்வதே தெரியாது. கேமராவுக்கு அருகில் தூண், ஜன்னல் கம்பி, செடி ஏதாவது கடந்து போகட்டும். கிட்டே இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகர்வதில்தான் கண் ஆழத்தை உணர்கிறது. தூண் கூட இல்லாத இடத்தில் வீட்டுத் துளசித் தொட்டியைத் தூக்கி வந்து வைத்திருக்கிறேன்.

டிராக் போட முடியாத இடங்களில்

காட்டுப் பாதை, வயல்வரப்பு, சகதி. இங்கே ஒரு பலகை போதும். அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி 1981இல் வெளியான ‘தி ஈவில் டெட்’ படத்துக்கு டென்னசி காட்டில் செய்தது இதுதான். நீளமான பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரையை ஒட்டிப் பாய்ந்து வரும் அந்த உணர்வு அப்படித்தான் கிடைத்தது. இதன் கணக்கு எளிது. ஒரு முனை 2 அங்குலம் குலுங்கினால் நடுவில் 1 அங்குலம்தான் வரும். நீளமான பலகை சட்டென்று சாயவும் சாயாது. 8 அடிப் பலகை எடுத்து, நடுவில் ஓட்டை போட்டு, ட்ரைபாட் தலையைப் பொருத்துங்கள். ஓடுகிறவர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருக்கட்டும், இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கக் காலை எடுத்து வைக்க வேண்டாம்.

வழவழப்பான தரை உள்ள நீண்ட வராந்தா கிடைத்தால் வீல்சேர் நல்ல ட்ராலி. 1960இல் வெளியான ‘பிரெத்லெஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் ரவுல் குத்தார் வீல்சேரில் உட்கார்ந்து கேமராவைப் பிடிக்க, படத்தின் இயக்குநர் கொதார் தள்ளினார். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தரையின் இடுக்குகள் தெரியாது. ஆனால் டைல்ஸ் தரையில் இணைப்புக் கோடுகள் கண்டிப்பாகத் தெரியும், அங்கே டிராக்தான்.

மேஜைமேல் அரையடி, ஒரு அடி நகர்த்த டிராயர் சேனல் வைத்து ஸ்லைடர் செய்கிறார்கள். மொபைலுக்குப் பரவாயில்லை. கனமான கேமராவை வைத்தால் சேனல் நீளும்போது தொங்கிவிடும்.

பைக், கார், மொட்டைமாடி விளிம்பு ஆகியவற்றில் கையால் செய்த எந்தக் கேமரா தாங்கியையும் பொருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஒரு நட் கழன்றால் போவது ஷாட் மட்டுமில்லை. தரையில் ஓடும் ட்ராலியில்கூடக் கேமராவிலிருந்து ட்ரைபாடுக்குத் தனியாக ஒரு கயிறு கட்டி வையுங்கள். ஆள் உட்காரும்போது ட்ராலியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இறங்கும்போதும்.

வேலை முடிந்ததும் பைப்பைத் துடைத்து, நிழலில், தரையில் படுக்க வைத்து அடுக்குங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு வாரத்தில் வில்லாகிவிடும். ஒருமுறை வெயிலில் மாடியில் மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் விட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஐந்து பைப்பில் மூன்று வளைந்திருந்தன. அன்று சாயங்கால வெளிச்சத்துக்காகவே காத்திருந்த ஷாட்டை எடுக்க முடியவில்லை. இப்போது டிராக்கை மாடிக்குக் கொண்டுபோனால் இடைவேளையில் அதன் மேல் பழைய வேட்டியை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன்.